கதோகோ வேண்டாம் என்ற ஆக்ஸில்

அத்தியாயம் 9

நொறுங்கிய ஜீப்பை நஃபூலா மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தாள். அவளுடைய உதவியாளன் முஸ்யோகா ஒரு முறைகூடச் சுற்றவில்லை. போலீஸ் நிலையத்துப் பின்சுவர் நிழலில் குந்தி, பொட்டலத்திலிருந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"மேடம், நீங்க சுத்துற சுத்துக்கு அது எழுந்து ஓடினாலும் ஓடிரும்."

"ஓடினா முதல்ல உன் மேலதான் ஏறும். வந்து குனி."

இருபது வருஷம் போலீஸில் இருந்து, இன்ஸ்பெக்டர் பதவியை ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, தனியாகத் துப்பறிபவள் நஃபூலா. முஸ்யோகா, நகுருவுக்கும் கில்கில்லுக்கும் நடுவே மட்டாட்டு வேனின் படியில் தொங்கிக்கொண்டு பதினோரு வருஷம் ஆள் ஏற்றியவன். அந்த வேலை போய்விட்டது. வாய் மட்டும் போகவில்லை.

ஜீப் கதோகோவினுடையது. பால் பண்ணையில் குளிர்சாதன மெக்கானிக். நாற்பத்தொரு வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஓல்கெரி மலையில் ஏற்றப் பந்தயத்துக்குத் தனியாகப் பயிற்சி எடுக்கப் போனான். பாதி ஏற்றத்தில் முன்சக்கரம் ஒன்று பிய்ந்து போக, ஜீப் நூறடிப் பள்ளத்தில் உருண்டது. காலை எட்டரைக்கு ஆடு மேய்ப்பவர்கள் சத்தம் கேட்டார்கள். அவர்கள் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது கதோகோவுக்கு உயிர் இருந்தது. ஜீப் சங்கத் தலைவர் கியாரிக்குப் போன் போட்டு, அவர் வந்து சேர்ந்தபோது இல்லை.

முன் ஆக்ஸில் வெல்டிங் ஓரமாகக் கிழிந்திருந்தது. அந்த வெல்டிங் ஒடேராவின் கைவேலை. மீன் செதில் போல வரிசையாக விழும் அந்தத் தையல் நகுருவில் வேறு யாருக்கும் வராது. கவனக்குறைவால் மரணம் என்று ஒடேராவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பிடிப்பதற்கு முன்பே கூட்டம் அவனுடைய பட்டறையை எரித்து, அவன் வலது கையைக் கல்லால் நசுக்கிவிட்டிருந்தது.

நேற்றுக் காலை அவன் மனைவி அடோங்கோ வந்தாள். அழவில்லை. ஓரம் கருகிய ஒரு நோட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இது கதோகோவோட நோட்டு. எங்க பட்டறையில விட்டுட்டுப் போனது. தீயில கையை விட்டு எடுத்தேன். போலீஸ் பாக்க மாட்டேங்குது."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"அந்த ஆக்ஸில் நான் செஞ்சதுதான்னு சொல்றாரு. ஆனா செஞ்சது கியாரிக்கு. ரெண்டு மாசம் முன்னாடி அவரு ஆளு வந்து முன்னது பின்னது ரெண்டையும் தூக்கிட்டுப் போனான். கியாரி இல்லைங்கறாரு. கதோகோதான் நேரா வாங்கினான்ங்கறாரு." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "பெரிய மனுஷன் இல்லைன்னா இல்லைதானே, அம்மா."

கதோகோ அந்த நோட்டில் ஒரு பக்கத்தை நடுக்கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தான். நஃபூலா அதை இதற்குள் ஆறு முறை படித்துவிட்டாள். இப்போது போலீஸ் முற்றத்தில் நின்றபடி ஏழாவது முறை, சத்தமாக.

"இடப்பக்கம், பெரிய ஆக்ஸில். 'நல்லது: பாறையில உடையாது. வண்டி உயரும். கெட்டது: சேஸிஸ்ல ஸ்பிரிங் பட்டை மாட்டுற காதை எல்லாம் வெட்டித் தள்ளி வெக்கணும். ஒரு தடவை வெட்டின சேஸிஸ் வெட்டினதுதான். எடை கூடும், என் எஞ்சின் இழுக்காது. ஸ்டியரிங் கனக்கும். அகலம் கூடும், வாசல் தூணை இடிக்கணும். தூணை இடிச்சா வாங்கெச்சி என்னை இடிப்பா.'"

"மனுஷன் பொண்டாட்டிக்குப் பயந்தவன். நல்லவனாத்தான் இருந்திருப்பான்."

"வலப்பக்கம், சின்ன ஆக்ஸில். 'நல்லது: இருக்கிறதே போதும். கியரை மட்டும் மாத்திக்கலாம். சேஸிஸைத் தொட வேண்டாம். கெட்டது: சக்கரம் திரும்புற மூட்டு பலவீனம். கியாரி சங்கத்துக்காக வார்த்த புது மூட்டு போட்டா அதுவும் சரியாயிரும்.' கீழே ரெண்டு கோடு போட்டு, 'முடிவு: சின்னதே. ஒடேராவும் அதைத்தான் சொல்றான்.'"

"அப்புறம் மனசு மாறியிருக்கலாம்ல? நான் காலைல டீன்னு முடிவு பண்ணிட்டுப் போயி..."

"அதையேதான் போலீஸும் சொல்லுது. நீ அந்தப் பின்பக்கம் மாட்டியிருக்கிற உபரிச் சக்கரத்தைப் பாரு. எத்தனை போல்ட் ஓட்டை?"

முஸ்யோகா எண்ணினான். "அஞ்சு."

"கீழே மாட்டியிருக்கிற சக்கரத்துல?"

அவன் குனிந்து முன்னால் பார்த்தான். பின்னால் போய்ப் பார்த்தான். பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டான்.

"ஆறு. எல்லாத்துலயும் ஆறு."

"சேஸிஸை வெட்டினா திரும்ப ஒட்டாதுன்னு யோசிக்கிற மனுஷன், ஆளில்லாத மலைக்குத் தனியா போறான். இந்தப் பெரிய ஆக்ஸில்ல ஏறாத, சின்னதோட உபரிச் சக்கரத்தை முதுகுல கட்டிக்கிட்டுப் போவானா?"

"மறந்திருப்பான்னு வக்கீல் சொல்லுவாரு, மேடம்."

"சொல்லுவாரு. டேப்பைப் பிடி."

பெரிய ஆக்ஸிலின் ஒரு சக்கரத்து வெளிவிளிம்பிலிருந்து மறு சக்கரத்து வெளிவிளிம்புவரை ஐந்தடி பத்து அங்குலம் வந்தது.

"இந்த வண்டி எப்ப இங்க வந்துச்சு?" முற்றத்துக் காவலரிடம் நஃபூலா கேட்டாள்.

"விழுந்து ஒம்பது நாள் கழிச்சு, மேடம். அதுவரைக்கும் கியாரி ஐயா பட்டறையிலதான் கெடந்துச்சு. அவரோட லாரிதானே மலையிலிருந்து இழுத்துட்டு வந்தது."

கதோகோவின் வீடு ஊருக்கு மேற்கே, சோளக்கொல்லைகளுக்கு நடுவில். கருங்கல் சுற்றுச்சுவர், இரண்டு கல் தூண்கள், நடுவே தகரக் கதவு. வெள்ளிக்கிழமை மத்தியான வெயிலில் அந்தக் கதவைத் திறந்த வாங்கெச்சி, வந்தவர்கள் யாருக்காக வந்தார்கள் என்று தெரிந்ததும் மூடப் போனாள்.

"ஒடேராவுக்காகப் பேச வந்தீங்களா? என் புருஷன் ரெண்டு மணி நேரம் இரும்புக்கு அடியில கெடந்து செத்தாரு. போய் அவங்கிட்ட சொல்லுங்க."

"நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்," என்றாள் நஃபூலா. "அன்னைக்குக் காலைல வண்டி எங்கிருந்து கிளம்பிச்சு?"

"எங்கிருந்துன்னா? இங்கிருந்துதான். ஆறு மணி. நான்தான் கதவைத் திறந்தேன். எப்பவும் போல ரெண்டு பக்கத்துக் கண்ணாடியையும் மடக்கி விட்டேன். மடக்கலைன்னா தூண்ல உரசும். பிளாஸ்க்குல டீ குடுத்தேன். போறப்போ ஹாரன் அடிச்சாரு."

முஸ்யோகா டேப்பின் நுனியை இடது தூணில் வைத்தான். நஃபூலா வலது தூண்வரை இழுத்தாள்.

ஐந்தடி ஐந்து அங்குலம்.

"இந்தத் தூண் என்னைக்காச்சும் இடிச்சுக் கட்டினதா?"

"கல்யாணமாகி வந்ததுலேருந்து இப்படியேதான் இருக்கு. எதுக்குக் கேக்கறீங்க?"

"மட்டாட்டுல பதினாலு சீட்டுல இருபத்திரண்டு பேரை ஏத்தினவன் நான்," என்றான் முஸ்யோகா. வழக்கமான கேலி அவன் குரலில் இல்லை. "மனுஷன்னா மூச்சை இழுத்துப் பிடிச்சு ஒடுங்குவான். இரும்பு ஒடுங்காதுக்கா. போலீஸ்ல நிக்கற வண்டி அஞ்சடி பத்து. அது இந்த வாசல்ல போயிருக்கவே முடியாது."

வாங்கெச்சி டேப்பைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். புரிய வேண்டியது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

"அப்போ அந்த ஆக்ஸில்..."

"உங்க வீட்டுக்காரர் சின்ன ஆக்ஸிலோடதான் போனாரு. சின்ன ஆக்ஸிலோடதான் விழுந்தாரு. அவர் செத்தப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க. ஒடேரா வெல்டிங் இருக்கற ஆக்ஸிலா பாத்து மாத்தியிருக்காங்க."

வாங்கெச்சி தூணைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். நஃபூலாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ஒடேரா பட்டறைக்குப் போன கூட்டத்துக்கு மண்ணெண்ணெய் குடுத்தது நான். எங்க வீட்டு டின்னு. அவன் கையைப் புடிச்சுக் கல்லுல வெச்சப்போ, பாத்துக்கிட்டு நின்னேன்."

சோளக்கொல்லையில் காற்று சலசலத்தது. சொல்வதற்கு முஸ்யோகா ஏதோ தேடினான். நஃபூலா வேண்டாம் என்று கண்ணால் காட்டினாள்.

திரும்பி வரும் வழியில் அவன்தான் ஆரம்பித்தான். "மாத்தினது கியாரின்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். ஒம்பது நாள் வண்டி அவருகிட்ட. ஆக்ஸிலும் அவருகிட்ட. ஆனா எதுக்கு, மேடம்? கதோகோ அவருக்கு என்ன எதிரியா?"

"எதிரி இல்ல. அடக்கத்துக்கு முதல் ஆளா வந்து நின்னவரு. வேணும்னு கொல்லலை." நஃபூலா கியரை மாற்றினாள். "பழைய ஆக்ஸில்ல யாரும் பாக்கக்கூடாதது என்னமோ இருந்திருக்கு. அது இந்நேரம் அவரோட வார்ப்பு உலையில உருகியிருக்கும்."

"அப்போ நம்ம கையில இருக்கறது ஒரு வாசல் மட்டும்."

"நாளைக்குப் பந்தயம். போய்ப் பாப்போம்."

சனிக்கிழமை காலை ஓல்கெரி அடிவாரத்தில் பதினோரு குட்டி ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கதவிலும் கதோகோவுக்காக ஒரு கறுப்பு ரிப்பன். ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். மண்டாஸி பொரிக்கும் எண்ணெய்ப் புகை, டீசல் புகை, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்கும் ஒலிபெருக்கி.

கியாரி கையில் கொடியோடு நின்றார். அறுபது வயது. உயரம். எல்லோருடைய பெயரையும் தெரிந்துவைத்திருப்பவர்.

"ஒடேரா பாவம்தான்," என்றார் நஃபூலாவிடம். "நானே வக்கீல் வெச்சுக் குடுக்கலாம்னு இருக்கேன். ஆனா தப்பு தப்புதானேம்மா."

"கதோகோ பெரிய ஆக்ஸில் வேண்டாம்னு எழுதி வெச்சிருக்காரு."

"மனசு மாறிட்டான்."

"எப்போ?"

"அந்த வாரம்தான்."

"எந்த வாசல் வழியா?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் கொஞ்சம் சுருங்கியது. நஃபூலா அளவைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"வழியில எங்கயாச்சும் மாத்தியிருப்பான்."

"ஆறு மணிக்கு வீட்டை விட்டாரு, எட்டரைக்கு விழுந்தாரு," என்றான் முஸ்யோகா. "ரெண்டரை மணி நேரத்துல சேஸிஸை வெட்டி, ரெண்டு ஆக்ஸில் மாத்தி, ஒரு மலையும் ஏறினாருன்னா, அந்த மெக்கானிக் அட்ரஸை எனக்கும் குடுங்கய்யா. எங்க மேடம் வண்டிக்குப் பிரேக் மாத்தவே நாலு நாள் ஆவுது."

"தம்பிக்கு வாய் நல்லா இருக்கு," என்றார் கியாரி. "பந்தயம் முடியட்டும், பேசுவோம்." கொடியோடு கோட்டை நோக்கி நடந்தார்.

நஃபூலா ஜீப்புகளின் வரிசையோரமாக நடந்தாள். ஒவ்வொரு முன்சக்கரத்துக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தாள். முஸ்யோகாவோ வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்தே விட்டான்.

"மேடம். கதோகோ எழுதினாரே, கியாரி வார்த்த புது மூட்டுன்னு. அது கறுப்புப் பெயின்ட் அடிச்சு, சங்கத்தோட முத்திரை போட்டதா?"

"அதேதான். எல்லா வண்டியிலயும் இருக்கு."

"எல்லாத்துலயும் இல்ல. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் கறுப்பு. பதினொண்ணு மட்டும் துருப்பிடிச்ச பழைய மூட்டு. ஆனா அதை மாட்டியிருக்கற போல்ட்டு புத்தம் புதுசு."

"பதினொண்ணு யாரோடது?"

முஸ்யோகா எழுந்து முழங்காலைத் தட்டினான். "கியாரி மகள் வைரிமுவோடது. ஊர்ப்புள்ளைங்க எல்லாத்துக்கும் புதுச்செருப்பு வாங்கிக் குடுத்த மனுஷன், சொந்தப் பொண்ணு காலுல மட்டும் பழசை மாட்டியிருக்காரு."

கதோகோவின் ஜீப்பில் என்ன உடைந்தது, எது உலையில் உருகியது என்று நஃபூலாவுக்கு இப்போது தெரிந்தது. அதே நொடியில் கியாரியின் கொடி கீழே இறங்கியது. முதல் ஜீப் மலையை நோக்கிச் சீறியது.

"முஸ்யோகா, நிறுத்து அதை."

அவன் கேள்வி கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டினான், குறுக்கே ஓடினான். ஜீப் முதல் பாறையில் திணறி வேகம் குறைந்த இடத்தில் அதன் பின்கம்பியைப் பிடித்துத் தொற்றினான். பதினோரு வருஷம் தொங்கிப் பழகிய கை. உள்ளங்கையால் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினான்.

அந்த நாட்டில் வண்டி ஓட்டுகிற எவனும், மட்டாட்டில் நிறுத்தச் சொல்லும் அந்த இரண்டு தட்டுக்கு நிற்பான். யோசித்து நிற்பதில்லை, கால் தானாகப் பிரேக்கில் விழும். ஜீப் நின்றது.

கூட்டம் கூச்சலிட்டது. கியாரி கொடியோடு ஓடி வந்தார். அதற்குள் நஃபூலா பதினோராம் ஜீப்பின் பக்கத்தில் இருந்தாள். வைரிமுவுக்கு இருபத்துநாலு வயது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே இறங்கினாள்.

"உன் வண்டியில முன்மூட்டு மாத்தினது யாரும்மா?"

"மாத்தலையே. எல்லாருக்கும் போட்டதுதான் எனக்கும். கறுப்பு."

"குனிஞ்சு பாரு."

அவள் குனிந்தாள். பிறகு முழங்கால் போட்டாள். கையை உள்ளே விட்டுத் துருவைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்தபோது விரலில் செம்மண் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. மற்ற ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக இறங்கிச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"அப்பா, கதோகோ அண்ணனை அடக்கம் பண்ணின மறுநாள் என் வண்டியை சர்வீஸ்னு எடுத்துட்டுப் போனீங்களே."

"வைரிமு, வண்டில ஏறு."

"எனக்கு மட்டும் ஏன் மாத்தினீங்க?"

கியாரி கொடிக்கம்பைத் தரையில் ஊன்றி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். பத்து ஓட்டுநர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளைகள்.

"பள்ளத்துல இறங்கினதும் முதல்ல மூட்டைத்தான் பாத்தேன்," என்றார் கடைசியில், மகளிடம் மட்டும் பேசுவதுபோல. "பிஸ்கட் மாதிரி ஒடிஞ்சிருந்தது. வார்ப்புல எங்கயோ தப்பு. என் பேரு போட்ட மூட்டு."

"அப்போ இவங்க?" வைரிமு மற்ற ஜீப்புகளைக் காட்டினாள். "இவங்களை எல்லாம் எப்படி ஏற விட்டீங்க?"

"நிறுத்தினா ஏன்னு கேப்பாங்களே."

ஒரு ஓட்டுநர் தன் ஜீப்புக்கு ஜாக்கி வைத்தான். அதைப் பார்த்து அடுத்தவன். சக்கரங்களைக் கழற்றிச் சுத்தியலால் மூட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். நல்ல இரும்பு மணியாய்ச் சொல்லும். நாலு ஜீப்பில் ஓட்டைப் பானைச் சத்தம் வந்தது. அந்த நாலில் ஒன்று, முஸ்யோகா தொற்றி நிறுத்திய ஜீப்.

அதன் ஓட்டுநர் அவனுக்கு ஒரு தட்டு மண்டாஸியும் டீயும் வாங்கிக் கொடுத்தான். முஸ்யோகா டீயை மட்டும் குடித்தான்.

கியாரியைப் போலீஸ் அழைத்துப்போனபோது வைரிமு கூடப் போகவில்லை. ஆக்ஸில் மாற்றிய அவருடைய இரண்டு வேலைக்காரர்களும் அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். பெரிய ஆக்ஸிலைக் கிழித்தது எப்படி என்பதைக்கூட: பட்டறை அழுத்த இயந்திரத்தில் வைத்து, மூன்று முறை. ஒடேராவின் வெல்டிங் கடைசிவரை விடவில்லையாம். பக்கத்துக் குழாய்தான் கிழிந்ததாம்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஒடேராவை விட்டார்கள். சிறை வாசலில் நஃபூலாவின் கார் நின்றது. அடோங்கோ அவனைத் தோளோடு தாங்கிக் கூட்டி வந்தாள். வலது கை கட்டுக்குள் இருந்தது. மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் கட்டைப் பார்க்கவே இல்லை. "வெல்டிங் விடலைன்னு சொன்னாங்களாமே," என்றான் நஃபூலாவிடம். அவ்வளவுதான் பேசினான்.

சாலைக்கு அந்தப் பக்கம் வாங்கெச்சி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. பஸ் இறங்குமிடத்திலிருந்து அந்த வாசலுக்கு ஐந்து கிலோமீட்டர். செருப்பெல்லாம் புழுதி. அவள் சாலையைக் கடந்து அடோங்கோவின் எதிரில் வந்து நின்றாள்.

"மண்ணெண்ணெய் நான் குடுத்தேன்," என்றாள். "உனக்குத் தெரியணும்."

"தெரியும். டின்னை அன்னைக்கே பாத்தேன்," என்றாள் அடோங்கோ.

வாங்கெச்சி ஒடேராவின் கட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வந்த வழியே வெயிலில் நடக்க ஆரம்பித்தாள்.

அடோங்கோ கணவனைப் பின்சீட்டில் உட்காரவைத்தாள், கையை மடியில் பதமாக வைத்தாள், தானும் ஏறிக் கதவைச் சாத்தினாள். முஸ்யோகா காரைக் கிளப்பினான். வாங்கெச்சியைத் தாண்டும்போது அவள் ஒதுங்கிப் புழுதியில் நின்றாள். தலையைத் தூக்கவில்லை.

கார் இன்னும் ஐம்பதடி போயிருக்கும்.

"நிறுத்துங்க," என்றாள் அடோங்கோ.

முஸ்யோகா நிறுத்தினான். நஃபூலா முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அடோங்கோ ஜன்னலுக்கு வெளியே, வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளை ஏறச் சொல்லுங்க. நீங்க பின்னாடி வாங்க, அவ முன்னாடி உக்காரட்டும். எங்க பக்கத்துல வேண்டாம்."